கரும்பூனைத் தரகர்

பூனையைக் கொன்றால் பாவம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொன்னில் பூனை செய்து தானம் கொடுத்தால்தான் அந்தப் பாவம் தீருமாம். ஆனால் உயிரோடு சாக்கில் கட்டி எடுத்துப்போய், ஊர் எல்லை தாண்டி அவிழ்த்துவிட்டு வந்தால் பாவமே இல்லை. சோறு தண்ணீர் இல்லாமல் அது செத்தால் அதன் தலையெழுத்து. இப்படி ஒரு சட்டத்தை எவன் போட்டானோ, அவன் கையில் கிடைத்தால் அவனையும் ஒரு சாக்கில் கட்டவேண்டும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

மதுரையில் அப்படி விடப்பட்ட பூனைகள் கொஞ்சம் திருமங்கலம் ரோட்டில் இருந்த பிராணிகள் இல்லத்துக்கு வந்து சேரும். ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் தர்மத்துக்கு நடத்திய இடம் அது. முன்பக்கம் கால் ஒடிந்த நாய்கள், கண் போன கன்றுகள். பின்பக்கம் ஓட்டுக் கொட்டகையில் பூனைகள். நான் அப்போது மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாரத்துக்கு ஒருதரம் சைக்கிளில் போய்ப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வருவேன். முத்திருளனை அங்கேதான் பார்த்தேன். எண்பத்துமூன்றாம் வருஷம், மழை பொய்த்து வைகையில் வெறும் மணல் கிடந்த நேரம்.

அவர் உசிலம்பட்டிச் சந்தையில் தலை நரைக்கிறவரை மாட்டுத் தரகு பார்த்தவர். துண்டைப் போட்டு மூடி, வாங்குகிறவன் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற ஆள். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து அது வீட்டை வாழவைக்குமா, கெடுக்குமா என்று சொல்வார்கள். ஏறுபூரான் சுழி நல்லது. இறங்குபூரான் ஆகாது. துடைப்பச் சுழி வீட்டையே கூட்டித் தள்ளிவிடும். இதெல்லாம் முத்திருளனுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வருஷம் தீவனம் இல்லாமல், உழுது பிழைத்த சம்சாரிகள் உழவுமாட்டைக் கேரளத்து லாரியில் ஏற்ற ஆரம்பித்ததும், அவர் சந்தையை விட்டு வந்துவிட்டார்.

"கறிக்குப் போற மாட்டுக்கு என்னய்யா சுழி? அவன் எடையத்தான் பாக்குறான். அங்க எனக்கு என்ன சோலி?" என்பார்.

பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் செல்லத்தாய் வீட்டில் வந்து இருந்துகொண்டு, இல்லத்தில் பூனைகளுக்குச் சோறு வைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். மருமகன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முத்திருளன் பிழைப்புக்காகச் சுழி சொன்னவர் இல்லை. நம்பியவர். துடைப்பச் சுழி மாடு ஒன்று விலைபோகாமல் அவர் தொழுவத்திலேயே தங்கிவிட்ட வருஷம்தான் அவர் மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். "காமாலை வந்தா மாடு என்னய்யா பண்ணும்?" என்று நான் கேட்டதற்கு, "நீங்க படிச்சவுக, அப்பிடித்தான் பேசுவீக" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இல்லத்துக்குப் பூனை கேட்டு வருகிறவர்கள் பூனைமேல் ஆசைப்பட்டு வருகிறவர்கள் இல்லை. கீழமாசி வீதி மளிகைக்கடைக்காரர், நெல் மில்காரர், எலித்தொல்லையில் தூக்கம் கெட்ட குடித்தனக்காரர். வெள்ளை போகும், சாம்பல் போகும், வரிப்பூனை போகும். கருப்பு போகாது. "காலையில கடையத் தொறந்ததும் இந்த மூஞ்சியிலயா முழிக்கிறது?" என்பார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் கருப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று போகிறவர்களும் உண்டு. போனவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. மற்ற நிறங்கள் கழியக் கழியக் கொட்டகையில் கருப்பு மட்டும் தேங்கும். பால் செலவு கட்டுபடியாகவில்லை என்று செயலாளர் முணுமுணுப்பார். பிறகு ஒரு நாள் வேன் வரும். மிஞ்சியதைச் சாக்கில் கட்டி, மேற்கே பாறைக் கரட்டுக் காட்டில் விட்டுவிட்டு வருவார்கள். பிராணிகள் இல்லமே இந்த வேலையைச் செய்கிறதே என்று நான் செயலாளரிடம் சத்தம் போட்டேன்.

"நாம கொல்லலியே, கம்பவுண்டர்" என்றார் அவர்.

முத்திருளன் சேர்ந்த புதிதில் ஒரு தடவை சாக்குக்கு வாய் கட்டினார். அடுத்த வாரம் நான் போனபோது ஆள் மாறியிருந்தார். திருமங்கலத்து மில்காரர் ஒருவர் வந்திருந்தார். முத்திருளன் ஒரு கரும்பூனையை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதக் கருப்புன்னு எவன் சொன்னான்? வெயில்ல பாருங்கண்ணே, உள்ளுக்குள்ள செவலை ஓடுது. இங்க பிடரியில பாருங்க. மேல ஏறுதா மயிரு? ஏறுபூரான். மாட்டுல இருந்துச்சுன்னா சந்தையே பின்னால ஓடும்."

"குறுக்க போனா ஆகாதும்பாகளே?"

"குறுக்க போகணும்னா அது வெளிய இருந்துல்ல வரணும்? உங்க மில்லுக்குள்ளயே கெடக்குற பூன உங்களுக்குக் குறுக்க எப்பிடிண்ணே போகும்? அது காவல்ல சேத்தி."

மில்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முத்திருளன் உடனே துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். காசுக்கு விற்கிற பூனை இல்லை, அப்புறம் எதற்குத் துண்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் போன பிறகு கேட்டேன்.

"எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீகன்னு கேட்டேன். வாயி என்னத்தையும் சொல்லும். வெரலு இறுக்கிப் பிடிச்சான்னா வச்சிருப்பான். தளந்துச்சுன்னா நாளைக்கே கொண்டுபோய் விட்டுருவான். இவன் இறுக்கிட்டான்" என்றார்.

"அது சரி, பூனைக்கு ஏதுய்யா சுழி?"

"ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கலியாணம் பண்ணலாம்னா, ஒரு பொய்யச் சொல்லி ஒரு பூனையக் கரையேத்தக் கூடாதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குற்றத்தை மறைக்காதே, அதற்கு ஒரு நல்ல பேரு வை என்பது தரகர்களின் பால பாடமாம். அதன்படி ஒவ்வொரு கருப்புக்கும் ஒரு சுழி பிறந்தது. பணச்சுழி அரிசி மண்டிக்குப் போனது. வாசல்சுழி புதுவீடு கட்டியவர் வீட்டுக்குப் போனது. விரல் தளர்ந்தவர்களுக்கு வேறு ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். வேன் வராமல் மாதங்கள் போயின. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்பது சரிதான் என்று நானும் கேலி பண்ணிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் மேலூர்ப் பக்கத்திலிருந்து அழகுமலையும் அவர் மனைவி ராமக்காளும் வந்தார்கள். நெல் மூட்டையை எலி கடித்துவிடுகிறதென்று பூனை கேட்டார்கள். குட்டி போட்டிருந்த ஒரு பூனையின் முன்னால் உட்கார்ந்த ராமக்காள் எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரி, நேரமாச்சுல்ல. வீட்ல பிள்ளகுட்டிதான் இல்ல, பூனக்குட்டியாச்சும் இருக்கட்டும்னு பாக்குறியா?" என்றார் அழகுமலை. வேடிக்கையாகச் சொல்வதாக அவர் நினைப்பு. அவள் முகம் கறுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் நிற்கவில்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

முத்திருளன் கொட்டகை மூலைக்குப் போய், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு கருப்புப் பெட்டையைத் தூக்கி வந்தார். நல்ல சாது. யார் மடி கிடைத்தாலும் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதன் வயிற்று மயிரை விலக்கிக் காட்டினார்.

"தாயி, இதப் பாரு. ரெண்டு பக்கமும் சுழிச்சு நடுவுல தொங்குதா? இது தொட்டில் சுழி. நான் சந்தையில காலங்கழிச்சவன், மாட்டுலயே இதக் கண்டதில்ல. இது படுத்த வீட்டுல தொட்டில் கட்டாமப் போகாது."

எனக்குச் சுருக்கென்றது. பணம் வரும், வாசல் நிறையும் என்பது வேறு. அவளை அனுப்பிய பிறகு, "பிள்ளை விஷயத்தில் விளையாடலாமாய்யா?" என்று கடிந்துகொண்டேன்.

"அந்தப் பூனைக்கு அடுத்த வேன்ல எடம் போட்டாச்சு தம்பி. அந்தப் பிள்ளைக்கும் மனசுல பிடிமானம் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டுமே" என்றார். அழகுமலையின் விரல் எப்படி என்று கேட்டேன். தளர்ச்சிதான் என்று ஒப்புக்கொண்டார். "அந்தப் பிள்ள கைய நான் பிடிக்க முடியுமா? ஆனா பூனையத் தூக்குன தினுசப் பாத்தேன். அது போதும்."

சில மாதம் கழித்து ராமக்காள் ஒரு பை நிறையச் சுண்டைவற்றலும் மொச்சையும் எடுத்துக்கொண்டு மேலூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முழுகாமல் இருக்கிறாளாம். பூனை ராத்திரியெல்லாம் அவள் வயிற்றை ஒட்டியே படுக்கிறதாம். முன்னே இரண்டு தடவையும் எந்நேரமும் பயந்து செத்தவள், இப்போது வயலுக்குக்கூடப் போய் வருகிறாளாம். "நீங்க சொன்ன சுழிதாண்ணே" என்று அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி விலகினார். தன் மகள் செல்லத்தாயும் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியை அவளிடம் சொல்லி, இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனதும் முத்திருளன் சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால், வேப்பமரத்தடியில் போய்க் குந்திவிட்டார். "நல்லபடியாப் பெத்துப் பொழச்சிரணும் தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் மேலூர்ப் பக்கத்துச் சேதி ஏதாவது தெரியுமா என்று என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? நானென்ன தந்தி ஆபீஸா? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எரிந்து விழ முடியவில்லை.

சேதி தானே வந்தது. ராமக்காள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. அழகுமலை வாசலிலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. குழந்தை ஆண் குழந்தை. பிறந்து அழவே இல்லை.

நான் ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முத்திருளன் கூடையைப் பார்த்தார். மூடியிருந்த துணிக்குள்ளிருந்து அந்தக் கரும்பூனை தலையை நீட்டியது. நன்றாக வளர்ந்து மினுமினுவென்று இருந்தது.

"அவுக வீட்ல எல்லாரும் இதத்தான் காரணமாச் சொல்றாக. கண்மாய்க்கரையில விட்டுருவோம்னாக. நாந்தான் அழுது பொரண்டு, குடுத்த அண்ணங்கிட்டயே குடுத்துருவோம்னு கொண்டாந்தேன்" என்றாள் ராமக்காள்.

முத்திருளன் என்னவோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"எனக்குத்தான் பலிக்கல. நான் வாங்கிட்டு வந்த வரம் அம்புட்டுத்தேன். அதுக்குச் சுழி பொய்யாகிருமா? அண்ணே, இத உங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. உங்க மக மாசமா இருக்குல்ல? அது பக்கத்துல படுக்கட்டும். அந்தப் பிள்ளைக்காச்சும் தொட்டில் கட்டட்டும்."

கூடையை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாய் பதில் சொல்வதற்கு முன்னால் கால் பின்னால் போய்விட்டது. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"வேணாம் தாயி. செல்லத்தாய் இருக்குற வீட்டுக்கு... வேணாம்."

ராமக்காள் முதலில் விளங்காமல்தான் நின்றாள். அப்புறம் அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சுழியே இல்லையாண்ணே?"

ஏதாவது சொல்லித் தொலையுமய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய்தான் தாயி."

அவள் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. "அத நம்பித்தாண்ணே அந்தப் பத்து மாசமும் நான் பயமில்லாம இருந்தேன்" என்றாள். பூனையின் தலையை ஒருதரம் தடவிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அது கூடையை விட்டு இறங்கி அவள் பின்னாலேயே ஓடியது. அழகுமலை காலை ஓங்கினார். பூனை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு முத்திருளன் வாயிலிருந்து ஒரு பொய் வரவில்லை. யார் வந்து கேட்டாலும், "கருப்புத்தான். சுழியெல்லாம் ஒண்ணுமில்ல. எலி பிடிக்கும். பிடிச்சா எடுத்துக்கங்க" என்பார். துண்டு தோளிலேயே கிடந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? கொட்டகை மறுபடி கருப்பாக நிறைந்தது. செயலாளர் மறுபடி பால் கணக்கைப் பேச ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பழையபடி எதையாவது சொல்லுய்யா. பணச்சுழி, வாசல்சுழி, எந்த எழவையாவது சொல்லு. நீ உண்மை பேசிப் பேசி எல்லாத்தையும் சாக்குக்கு அனுப்பப்போறே" என்று கத்தினேன்.

"வாயத் தொறந்தா அந்தப் பிள்ள மூஞ்சி முன்னால வந்து நிக்குது தம்பி."

"சரி, அந்தப் பூனையையாவது வீட்டுக்குக் கொண்டு போ. கருப்பா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னியே. ஊருக்குத்தான் உபதேசமா?"

"செல்லத்தாய்க்கு மாசம் நெருங்குது" என்றார். நானே கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தவன்தான். என் வீட்டில் ஏற்கெனவே இருந்த கருப்புகளால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி மூன்றாவது வீடு மாறியிருந்தேன்.

வேன் வந்த அன்று எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். வேனிலேயே ஏறிக்கொண்டேன். சாக்குகளுக்கு முத்திருளன்தான் வாய் கட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. வழியெல்லாம் சாக்குக்குள் கத்தல். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். உசிலம்பட்டி தாண்டி, ஒரு சொட்டுப் பச்சையில்லாத கரட்டடியில் வேன் நின்றது. முத்திருளன் பிறந்து வளர்ந்த சீமைதான் அது. எந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவிழ்த்ததும் மற்றப் பூனைகள் புதரைப் பார்த்துத் தெறித்து ஓடின. ராமக்காளின் பூனை மட்டும் ஓடவில்லை. வீட்டில் சோறு தின்று, மடியில் படுத்து வளர்ந்தது. காட்டுக்குள் எதற்கு ஓடவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. வேன் நிழலில் வந்து உட்கார்ந்து, அவர் காலில் முதுகைத் தேய்த்தது. முத்திருளன் அதைத் தூக்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தள்ளி ஒரு பாறைமேல் விட்டுவிட்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அது அவருக்கு முன்னால் வந்து வேன் கதவருகில் நின்றது.

"ஏறுங்கய்யா, வெயில் ஏறுது" என்றான் டிரைவர்.

அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கி அடித்திருப்பேன், யாரை என்றுதான் தெரியவில்லை.

அந்த மாதமே செல்லத்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். பிறந்ததும் வீறிட்டு அழுததாம். கேள்விப்பட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முத்திருளன் வராந்தாச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"தம்பி, அத வீட்டுக்குக் கொண்டாந்திருந்தாலும் பிள்ள நல்லாத்தான பொறந்திருக்கும்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்கு அந்தத் தொழில் வராது.

"ஆமாய்யா. நல்லாத்தான் பொறந்திருக்கும்."

"எனக்கும் தெரியும்" என்றார். "அங்க, அந்தப் பாறமேல விடும்போதே தெரியும். தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, பேரனை வந்து வாங்கிக்கொள்ளும்படி கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் இரண்டாம் தடவை கூப்பிட்டதும் நான்தான் போய் வாங்கினேன்.